பெம்பர்லி எந்த வீடு? பீரியட் டிராமாக்களில் வரும் ஆங்கிலேய மாளிகைகளும் தோட்டங்களும்

நிலாமுற்றம்:

போன சனிக்கிழமை ஒருவழியாக லைம் பார்க் போய்விட்டேன். மான்செஸ்டரில் பக்ஸ்டன் ரயில் ஏறி டிஸ்லியில் இறங்கினால் பார்க் கேட் பக்கம்தான், ஆனால் கேட்டுக்குள் நுழைந்த பிறகு மேடு ஏறி ஏறி ஒரு மைலுக்கு மேல் நடை, வழியில் மான்கள் மேய்கின்றன, வீடு கண்ணிலேயே படாது, திடீரென்று ஒரு திருப்பத்தில் மொத்தமாக எதிரே வந்து நிற்கும். ஜேன் ஆஸ்டின் நாவலை வைத்து 1995ல் பிபிசி எடுத்த பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் தொடரில், கதாநாயகன் டார்சியின் பெம்பர்லி மாளிகையாக வருவது இந்த வீடுதான். நாயகி எலிசபெத் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்ப்பாளே, அந்தத் தெற்கு முகப்பு. நான் அந்தத் தொடரை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. குளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தூண் வரிசை தண்ணீரில் தலைகீழாக விழுந்திருந்தது, காற்று வந்தால் கலைகிறது, நின்றால் திரும்பச் சேர்கிறது. கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே.

அப்புறம் உள்ளே போனேன். எலிசபெத் ஏறி வரும் மாடிப்படியைத் தேடினேன், இல்லை. டார்சியின் ஓவியத்துக்கு முன்னால் அவள் நிற்கும் நீளக் கூடம்? நீளக் கூடம் ஒன்று இருக்கிறது, ஆனால் இது வேறு. அறையில் இருந்த ஒரு வயதான அம்மாவிடம் கேட்டேன். "உள்ளே எடுத்ததெல்லாம் டெர்பிஷயரில், சட்பரி ஹாலில்" என்றார். லைமில் இருந்து அங்கே காரில் போனாலே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். முகம் ஒரு வீடு, உள்ளே இன்னொரு வீடு. இத்தனை வருஷமாக நான் மனசுக்குள் நடந்து திரிந்த பெம்பர்லி அப்படியென்றால் எங்கேதான் இருக்கிறது? ஏமாற்றமா, வேறு ஏதோவா, சொல்லத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

கல்மண்டபம்:

ஆகியிருக்கிறது சகோதரி, எனக்கு ஹைகிளியர் மாளிகையில். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் லைம். நீங்கள் பார்த்த அந்த வீடே இரண்டு வீடுதான். உள்ளே இருப்பது முதலாம் எலிசபெத் ராணி காலத்து வீடு, அதைச் சுற்றி 1720களில் ஜியாகோமோ லியோனி என்ற வெனிஸ்காரர் இத்தாலிய முகப்பைப் போர்த்தினார். வெளியே தூண்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் கருத்த மரப்பலகை அடித்த பழைய அறைகள் வருவதற்குக் காரணம் அதுதான். லெக் குடும்பம் சுமார் 550 வருஷம் வைத்திருந்து 1946ல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தது. அப்படி வளர்ந்த வீட்டுக்குச் சட்பரியில் இருந்து ஒரு மாடிப்படி வந்து சேர்ந்ததில் பெரிய தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டார்சி குளத்தில் குதிக்கும் காட்சியில் தண்ணீருக்கடியில் நீந்தும் துண்டைக்கூட லண்டனில் ஈலிங் ஸ்டூடியோவில் ஒரு தொட்டியில்தான் எடுத்தார்கள்.

அதே கதையை வைத்து 2005ல் வந்த படத்தில் இன்னும் அதிகம். பெம்பர்லிக்கு சாட்ஸ்வர்த். எலிசபெத்தின் பென்னட் குடும்பத்து வீடு கென்ட்டில் அகழி சூழ்ந்த கிரூம்பிரிட்ஜ் பிளேஸ். டார்சியின் நண்பன் பிங்லியின் வீடு பாஸில்டன் பார்க். டார்சியின் உறவினர் லேடி கேத்தரினின் வீடு பர்லி. மழையில் டார்சி முதல் தடவை கல்யாணம் பேசும் இடம் வில்ட்ஷயரில் ஸ்டவர்ஹெட் தோட்டத்து அப்பல்லோ கோயில். ஒரு கதைக்குள் பாதி இங்கிலாந்து.

ஒரு பிரபு குடும்பத்தையும் அவர்கள் வேலைக்காரர்களையும் பற்றிய டவுன்டன் அபி தொடரில் மேல் மாடி ஹைகிளியர், அது ஹாம்ப்ஷயரில் இருக்கிறது, கதையோ யார்க்ஷயரில் நடக்கிறது. கீழே சமையற்கட்டும் வேலைக்காரர்கள் சாப்பிடும் கூடமும் ஈலிங்கில் போட்ட செட். வேலைக்காரர் தாமஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினால் சமையற்கட்டு ஈலிங்கில் முடிந்துவிடும், சாப்பாட்டு அறையில் அவர் நுழைவதை வேறொரு நாள் ஹைகிளியரில் எடுப்பார்கள். நடுவில் ஒரு கதவு, அவ்வளவுதான். நான் ஹைகிளியர் போனபோது அந்தச் சமையற்கட்டைத் தேடினேன் என்பதுதான் என் கதை.

செட்_தம்பி:

நான் பிரிஸ்டல் பக்கம் படப்பிடிப்புகளில் ஆர்ட் டிபார்ட்மென்டில் இருக்கிறேன், எட்டு வருஷம் ஆகிறது. ஏன் ஒரே வீட்டில் மொத்தத்தையும் எடுக்க மாட்டார்கள் என்று கேட்டால் என் பதில், வீடு அனுமதிக்காது.

பழைய வீட்டில் வேலை செய்வது கோயில் கருவறைக்குள் வேலை செய்வது மாதிரி. தரை முழுக்க முதலில் கம்பளம், அதன் மேல் பலகை. லைட் ஸ்டாண்டு, கேமரா ஸ்டாண்டு கால்களுக்கெல்லாம் டென்னிஸ் பந்தை அறுத்து மாட்டுவோம். நிஜ மெழுகுவர்த்தி பல வீடுகளில் கொளுத்தவே கூடாது, மெழுகு பூசிய எல்ஈடி திரிதான். ஜன்னல் திரையை எவ்வளவு நேரம் திறக்கலாம் என்பதற்குக் கணக்கு உண்டு, ஏனென்றால் வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் பட்டுத்துணி சாகிறது. அதனால் பெரிய விளக்கு எல்லாம் வெளியே கிரேனில் தொங்கும், நீங்கள் திரையில் பார்க்கும் காலை வெயில் பெரும்பாலும் அதுதான். ஒவ்வொரு அறையிலும் வீட்டு ஆள் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார், ஷாட் முடியும் வரை நகர மாட்டார்.

நாற்காலி ஒன்றைத் தூக்குவதைச் சொல்கிறேன். எல்லாரும் கைப்பிடியைப் பிடித்துத்தான் தூக்குவோம். 250 வருஷ நாற்காலியில் அந்த இணைப்புதான் முதலில் விடும். கையுறை போட்டுக்கொண்டு, உட்காரும் சட்டத்துக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்க வேண்டும். என் முதல் வருஷத்தில் ஒரு வீட்டில் நான் அவசரத்தில் கைப்பிடியில் கை வைத்தேன். அங்கே இருந்த பெண்மணி ஒரு வார்த்தை பேசவில்லை, வந்து என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கி வைத்தார். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் என் கை தானாகவே அடியில்தான் போகும். நடிகர்கள் உட்காருவது பெரும்பாலும் நாங்கள் வாடகைக்குக் கொண்டுவரும் நாற்காலியில்.

இத்தனைக்கும் பிறகு ஒன்று தப்பிவிடும். 2014ல் டவுன்டன் அபியின் விளம்பரப் படம் ஒன்றில் கணப்படுப்பின் மேல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நின்றதே, அன்றைக்கு அந்த டீமை நினைத்து எனக்கு வயிறு கலங்கியது. ஒரு அறையில் பிளக் பாயின்ட், அலாரம், தீயணைப்பு போர்டு, ரேடியேட்டர் என்று முப்பது நாற்பது பொருளை மறைத்திருப்பார்கள், ஒரு பாட்டிலில் ஊரே பேசியது.

மண்வாசம்:

எல்லாரும் வீட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள், நான் வெளியே வருகிறேன். தோட்டக்கலை படித்தவள் நான், இந்தத் தொடர்களைப் பார்க்கும்போது என் கண் முதலில் புல்லுக்குத்தான் போகும்.

1810களில் நடக்கும் கதை. புல்வெளியில் வெளிர்பச்சை, கரும்பச்சை என்று பட்டை பட்டையாகக் கோடு. அது உருளை வைத்த இயந்திரம் போட்டு வெட்டினால் வரும் கோடு. புல்வெட்டும் இயந்திரத்தை கிளஸ்டர்ஷயரில் எட்வின் பட்டிங் கண்டுபிடித்ததே 1830ல்தான், அதுவும் துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறை வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்த யோசனை. அதற்கு முன்னால் நீளக் கைப்பிடி அரிவாள்தான். பனி காயும் முன்னால் விடியற்காலையில் வரிசையாக நின்று அறுப்பார்கள், ஈரமாக இருந்தால்தான் புல் படுக்காமல் அறுபடும். வீட்டில் உள்ளவர்கள் எழுந்து ஜன்னலைத் திறக்கும்போது புல் அறுத்து, பெருக்கி, ஆட்களும் போயிருப்பார்கள். அந்த விடியற்காலை ஒரு தொடரிலாவது முழுசாக வந்தால் நான் மூன்று தடவை பார்ப்பேன்.

தூரத்தில் இருக்கும் புல்லை ஆடு மாடு பார்த்துக்கொள்ளும். அவை வீட்டு வாசலுக்கு வராமல் இருக்க வேலி வேண்டும், ஆனால் ஜன்னலில் இருந்து பார்த்தால் வேலி தெரியக் கூடாது. அதற்குத்தான் ஹா-ஹா. ஒரு பள்ளம் வெட்டி, வீட்டுப் பக்கம் மட்டும் செங்குத்தாகச் சுவர் எழுப்பி, எதிர்ப்பக்கத்தைச் சரிவாக விட்டுவிடுவார்கள். ஆடு சரிவில் இறங்கும், சுவரில் ஏற முடியாது. வீட்டில் இருந்து பார்த்தால் புல் நேரே ஓடி மேய்ச்சல் நிலத்தோடு சேர்ந்துவிடும், உலகமே நம்முடையது மாதிரி இருக்கும். கால் வைத்து விழும் வரைக்கும் அங்கே பள்ளம் இருப்பது தெரியாது.

அப்புறம் மரங்கள். கேப்பபிலிட்டி பிரவுன் என்கிற லான்சலாட் பிரவுன் 1716ல் பிறந்து 1783ல் இறந்தவர். சாட்ஸ்வர்த், பர்லி, ஹைகிளியர், ஹேர்வுட் மாளிகைத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. நேர்க்கோட்டுப் பாத்தி, கத்தரித்த வேலி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, புல்மேடு, வளைந்த ஏரி, அங்கங்கே மரக்கூட்டம் என்று இயற்கை தானாகவே செய்தது போல அமைப்பார். 1813ல் நடக்கும் கதையில் அவர் 1770ல் நட்ட மரத்துக்கு வயது நாற்பத்துச் சொச்சம்தான். ஓக் மரத்துக்கு அது வாலிபம். திரையில் நாம் பார்ப்பது 250 வயதுக் கிழவனை. எலிசபெத் பென்னட் பார்த்திருக்கக் கூடிய பூங்கா இன்றைக்கு நாம் பார்ப்பதைவிட ரொம்ப மொட்டையாக, இளசாக, நட்ட தடம் மாறாமல் இருந்திருக்கும். இதை எந்த ஆர்ட் டைரக்டராலும் சரிசெய்ய முடியாது, நான் குறை சொல்லவும் இல்லை, ஆனால் தெரிந்து பார்த்தால் காட்சி வேறாகிவிடுகிறது.

பிரிட்ஜர்டன் தொடரில் கிரீனிச்சில் இருக்கும் ரேஞ்சர்ஸ் ஹவுஸ் சுவர் முழுக்க ஊதாப் பூங்கொத்து தொங்குமே, விஸ்டீரியா, அது செயற்கைப் பூ. கதை 1813ல் தொடங்குகிறது. சீனத்து விஸ்டீரியா இங்கிலாந்துக்குக் கப்பலில் வந்து சேர்ந்தது 1816ல்.

பவானிக்கரை:

மண்வாசம் அக்கா, மூன்று வருஷத்துக்காக அந்தப் பூவை எடுத்துவிடச் சொல்வீர்களா? எனக்கு அந்த வீட்டு வாசல் என்றாலே அந்த ஊதாதான். அந்தத் தொடர் அந்தக் காலத்தை அப்படியே காட்டுகிறேன் என்று சொல்லவும் இல்லையே.

மண்வாசம்:

எடுக்கச் சொல்ல மாட்டேன் தம்பி, எனக்கும் பிடிக்கும். தெரிந்துகொண்டு ரசிக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

வராகன்:

மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தேன். கல்மண்டபம் ஐயா பாஸில்டன் பார்க் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

பெர்க்ஷயரில் இருக்கும் அந்த வீட்டை பிரான்சிஸ் சைக்ஸ் என்பவர் 1776ல் கட்டத் தொடங்கினார், கட்டியவர் யார்க் நகரத்து ஜான் கார். பணம் வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்தது. இப்படி இந்தியாவில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு போய் மாளிகை வாங்கியவர்களை அந்த ஊர்க்காரர்கள் 'நபாப்' என்றார்கள், நம் நவாப்தான் அங்கே போய் அப்படி ஆனது. பிங்லி வீட்டு நடனக் காட்சியை நான் எப்போது பார்த்தாலும் ரசித்துத்தான் பார்க்கிறேன், ஆனால் அந்தச் சுவர்கள் எந்த ஊர் வரியில் எழுந்தவை என்பதும் கூடவே நினைவுக்கு வருகிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று. தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை சென்னை ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அங்கே ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் பேரம் பேசி 48,000 வராகனுக்கு ஒரு பெரிய வைரத்தை வாங்கினார். லண்டனில் பட்டை தீட்டி 1717ல் பிரெஞ்சு ஆட்சிப் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அந்தப் பணத்தில் வாங்கியதுதான் கார்ன்வாலில் பொகொனாக் எஸ்டேட். வைரம் இன்றைக்கு பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூந்தோட்டமும் மான் பூங்காவும் பொகொனாக்கில் இருக்கின்றன. என் பெயருக்கும் காரணம் அந்த 48,000தான்.

யார்க்ஷயரில் ஹேர்வுட் வேறு வகை. அது கரீபியன் கரும்புத் தோட்டங்களிலும் அடிமை வியாபாரத்திலும் வந்த பணம், லாசெல்ஸ் குடும்பம் அதை இப்போது மறைப்பதில்லை, வெளிப்படையாகப் பேசுகிறார்கள். விக்டோரியா தொடரில் பக்கிங்ஹாம் அரண்மனையாக நின்றது அந்த வீடு. 2020ல் நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பில் இருக்கும் 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது, பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அந்தச் சண்டை புரியவில்லை. வீட்டைப் பார்க்க வந்தவனுக்கு வீட்டின் கதையைச் சொல்வதில் என்ன கோபம்?

பவானிக்கரை:

இதைப் படித்த பிறகு கேட்கிறேன், உங்களால் எப்படி அதே காட்சியை ரசிக்க முடிகிறது ஐயா? எனக்கு இனி அந்த நடனத்தைப் பார்க்கும்போது இடறும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

வராகன்:

தப்பாக எடுக்கவில்லை. இடறட்டும் தம்பி, இடறினால் பரவாயில்லை. அந்தச் சாந்து வேலையைச் செய்த கை ஒரு தொழிலாளியின் கை, அது அழகாகத்தான் செய்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்தக் கையைக் குறைக்காது. ஆனால் பணத்தின் கதையைத் தெரியாதது போல நடிக்கவும் என்னால் முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன், சில நாள் ஒன்று மேலே வரும், சில நாள் மற்றது.

கல்மண்டபம்:

வராகன் சொன்னது சரி, நான் அவசரத்தில் கடந்துவிட்டேன். பாஸில்டனின் அடுத்த பாதியை நான் சொல்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டில் அந்த வீடு பாழாகக் கிடந்தது. வீட்டைப் பிரித்து அமெரிக்காவுக்கு அனுப்பக்கூட விலை பேசினார்கள், உள் அலங்காரத்தில் ஒரு பகுதி நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலுக்கே போய்விட்டது. போரின்போது ராணுவம் இருந்தது. 1950களில் இலிஃப் தம்பதி வாங்கினார்கள். கதவு இல்லை, கணப்படுப்புச் சட்டம் இல்லை. அதே நேரத்தில் லிங்கன்ஷயரில் பான்டன் ஹால் என்ற வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள், அதுவும் அதே ஜான் கார் வேலை செய்த வீடு. அங்கிருந்து மகோகனிக் கதவுகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள், பொருந்திவிட்டன. அப்படியென்றால் பிங்லியின் வீட்டில் நாம் பார்க்கும் கதவுகளில் செத்துப்போன ஒரு வீடு உயிரோடு இருக்கிறது.

இதைச் சொல்லக் காரணம், நாம் திரையில் பார்ப்பவை தப்பிப் பிழைத்தவை மட்டும். 1894ல் வந்த வாரிசு வரி படிப்படியாக ஏறி, இரண்டாம் போருக்குப் பிறகு பெரிய சொத்துக்கு 80 சதவீதம் வரை போனது. போரில் வாரிசுகள் செத்தார்கள், வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, கூரை ஒழுகியது. இடித்தார்கள். 1950களின் நடுவில் சில நாளுக்கு ஒரு மாளிகை என்ற கணக்கில் போனது. 1974ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இடிந்த மாளிகைகளின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள்.

யார்க்ஷயரில் வென்ட்வொர்த் வுட்ஹவுஸ் வாசல் வரை 1946ல் நிலக்கரிக்காகத் தோண்டினார்கள், தோட்டம் போயிற்று. 600 அடிக்கு மேல் நீளும் முகப்பு உள்ள வீடு அது. 2019ல் வந்த டவுன்டன் படத்தில் ஹேர்வுட் மாளிகை நடனம் என்று ஒன்று வருமே, வெளியே காட்டுவது நிஜ ஹேர்வுட், நடனம் நடக்கும் பளிங்குக் கூடம் வென்ட்வொர்த்தில். படப்பிடிப்புக் கட்டணம் அங்கே கூரை வேலைக்கு எவ்வளவு தேவை என்பது போய்ப் பார்த்தால் தெரியும்.

காசில் ஹவர்ட் மாளிகையைச் சொல்லாமல் விட முடியாது. 1699ல் வான்பரோ அதற்குத் திட்டம் போட்டபோது அவர் நாடகாசிரியர், ஒரு வீடும் கட்டியதில்லை. நாடகக்காரர் கட்டிய வீட்டில் நாடகம் எடுக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். 1940ல் தீப்பிடித்துக் குவிமாடமே விழுந்தது, 1960களின் தொடக்கத்தில் திரும்ப எழுப்பினார்கள். 1981ல் வெளிவந்த பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட் தொடரை எடுக்க வந்த கிரனாடா தொலைக்காட்சியின் பணத்தில்தான் எரிந்துபோன தோட்டக் கூடம் திரும்ப உருவானது. இன்றைக்கும் போனால் அந்த அறையைப் பார்க்கலாம். ஹைகிளியரில் 2009ல் பழுதுபார்க்க சுமார் 1 கோடியே 20 லட்சம் பவுண்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள், அடுத்த வருஷம் டவுன்டன் வந்தது, அப்புறம் கூட்டம் வந்தது.

செட்_தம்பி:

ஒன்று சேர்க்கிறேன். ஹைகிளியரில் சமையற்கட்டை ஏன் எடுக்க முடியவில்லை என்றால் அது எப்போதோ நவீனமாக மாறிவிட்டது. நான் வேலை செய்த வீடுகளிலும் இதே கதைதான். வரவேற்பறையை மாற்ற மனசு வராது, அப்படியே இருக்கும். வேலைக்காரர் பகுதியை டீக்கடை ஆக்கியிருப்பார்கள், ஆபீஸ் ஆக்கியிருப்பார்கள். அதனால் எஜமானர் அறைகள் நிஜ வீட்டில், வேலைக்காரர் அறைகள் ஸ்டூடியோவில் என்று ஆகிவிடுகிறது. கீழ்த்தள செட்டுக்குப் பாத்திரம் தேய்ந்த மாதிரி, சுவர் புகை பிடித்த மாதிரி பெயின்ட் அடிக்கும்போது இது ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.

நிலாமுற்றம்:

ஒரு வாரம் கழித்து வந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். கதவு விஷயத்தில் அழுதுவிட்டேன்.

உள்ளும் புறமும் ஒரே வீடாக எடுத்தது எதுவுமே இல்லையா?

மண்வாசம்:

டெர்பிஷயரில் ஹேடன் ஹால் போய்ப் பாருங்கள் கண்ணு. ஜேன் அயர் கதையில் வரும் தார்ன்ஃபீல்ட் மாளிகையாக 1996 படம், 2006 தொடர், 2011 படம் என்று மூன்று தடவை அது வந்திருக்கிறது, ஒரே இயல்பான வீடு. சொந்தக்காரர்கள் வேறு மாளிகையில் இருந்தார்கள், இங்கே சுமார் 200 வருஷம் யாரும் குடியிருக்கவில்லை, அதனால் யாரும் மாற்றவும் இல்லை. 1920களில் வந்து பழுதுபார்த்தார்கள். நீளக் கூடத்து ஜன்னல் கண்ணாடிகள் தட்டையாக இருக்காது, ஒவ்வொரு துண்டும் கொஞ்சம் வெளியே உப்பி, கோணல் மாணலாக இருக்கும், வெயில் உள்ளே வரும்போது தரையில் தண்ணீர் மாதிரி ஆடும். ஜூனில் போனால் படிப்படியாக இறங்கும் தோட்டத்தில் ரோஜா.

நிலாமுற்றம்:

போகிறேன் அக்கா. அதற்கு முன்னால் சட்பரி. அடுத்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் போகலாம் என்று இருக்கிறேன், மஞ்சள் சுவரும் வெள்ளைச் செதுக்கலும் இருக்கும் அந்தப் படியில் ஒரு தடவை ஏறி இறங்கினால் போதும். யாராவது சமீபத்தில் போனீர்களா?

வராகன்:

போன வருஷம் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். 2022ல் இருந்து அதைக் குழந்தைகளுக்கான மாளிகையாக மாற்றித் திறந்திருக்கிறார்கள், உள்ளே பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருப்பார்கள், அமைதியாக நிற்க வேண்டும் என்றால் பள்ளி நாளில் காலையிலேயே போய்விடுங்கள். படியில் ஏறும்போது கைப்பிடிக்குக் கீழே இருக்கும் செதுக்கலைக் குனிந்து பாருங்கள், இலைச் சுருள் ஒவ்வொன்றாக, 1670களில் எட்வர்ட் பியர்ஸ் செய்தது. தொடரில் கேமரா அங்கே இறங்கவே இல்லை.